கோட்டில் விட்டுப்போன இடம்

உங்கள் மேஜைமேல் இருக்கும் அந்தப் பொருளுக்கு முதலில் மூடியைப் போட்டுவிடுங்கள் இன்ஸ்பெக்டர் மேடம். ஜன்னல் வெளிச்சம் நேராக அதன் முகத்தில் விழுகிறது. அணைத்து வைத்திருக்கும்போது பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை.

வாயால் சொல்லாமல் எழுதித் தருகிறேன் என்று நான் கேட்டதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நன்றி. பேசும்போது எனக்கு வார்த்தை தடுமாறும், எழுதினால் தடுமாறாது. ஒரு பொருளைப் பார்த்து அது இன்னதென்று மூன்று வரியில் எழுதுவதுதான் இத்தனை வருடமாக என் வேலை. இது மூன்று வரியில் அடங்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ராணுவம் கழித்துப்போட்ட பழைய இரவுநோக்கிகளை வாங்கி, எந்த வரிசை, எந்த வருடம் என்று கண்டுபிடித்து, அவற்றுக்கு மறுபடி பார்வை வரவைப்பது எங்கள் தொழில். எங்கள் என்றால் நானும் என் சகலையும். இரவுநோக்கியில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. முன்னால் ஒரு லென்ஸ், நடுவில் ஒரு டியூப், பின்னால் கண் வைக்க ஒரு ரப்பர் வளையம். இருட்டில் சிந்திக் கிடக்கும் துளி வெளிச்சத்தை லென்ஸ் பொறுக்கிக் கொடுக்கும். டியூப் அதை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கி, ஒரு நாணயம் அளவுள்ள திரையில் பச்சைப் படமாகக் காட்டும். நமக்குக் கும்மிருட்டாக இருப்பது அதற்குப் பட்டப்பகல்.

அடையாளம் காண்பது என் பங்கு. சாக்கில் வரும் பொருளை முதலில் மோந்து பார்ப்பேன். பிறகு திருகுகளைக் கழற்றுவேன். மேலே எத்தனை தடவை பெயின்ட் அடித்திருந்தாலும், திருகின் தலைக்கு அடியில் முதல் பூச்சு பத்திரமாக இருக்கும். ஒரு திருகோடு அரை நாள் உட்கார்ந்திருப்பேன். என் மனைவி ஒருமுறை, "என் மூஞ்சிய என்னைக்காச்சும் இப்படிப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அடுத்த திருகைக் கையிலெடுத்தேன்.

சகலைக்கு லேத்தில் கை. உடைந்த மரை, காணாமல்போன வளையம், எதுவானாலும் கடைந்து தருவார். ஆள் ஆறடி, குரல் அதைவிட உயரம். அவர் சிரித்தால் அலமாரியில் லென்ஸ்கள் கிணுகிணுக்கும். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர், என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அதனால் நான் "நீங்க" என்பேன், அவர் "நீ" என்பார், ஆனால் கூப்பிடுவது இரண்டு பேருமே "சகலை" என்றுதான். "ஒரே வீட்ல போய் மாட்டுனவனுங்கடா நாம. ஒருத்தனுக்கு ஒருத்தன் துணையில்லேன்னா எப்படி?" என்று அடிக்கடி சொல்வார். எனக்கு அவரைப் பிடிக்கும். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவ்வளவு பெரிய உடம்புக்கு மூச்சுதான் சரியில்லை. இழுப்பு. தூசி பட்டாலோ காட்டமான வாசனை பட்டாலோ நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும். சட்டைப்பையில் வைத்தால் லேத்தில் குனியும்போது விழுகிறதென்று, வீட்டில் ஒன்று, பட்டறையில் ஒன்று, இருட்டறையில் ஒன்று என மருந்து பம்ப் வைத்திருந்தார்.

இருட்டறையை நீங்கள் பார்த்தீர்கள். ஆனால் விளக்கைப் போட்டுக்கொண்டு பார்த்தீர்கள், அதனால் பார்த்ததாகச் சொல்ல முடியாது. பட்டறைக்குப் பின்னால் இருபதடி நீளம், ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் கறுப்பு. கதவின் உட்பக்கம் முழுக்கக் கம்பளி, கதவின் அடியிலும் ஒரு கம்பளிப் பட்டை. தாழ்ப்பாள் கதவின் உச்சியில். கதவுப் பக்கம் ஒரு ஸ்டூல், சோதனைக்கான கோடு போட்ட அட்டை, சுவரில் ஒரு பலகை. மறுமுனையில் கருவியை நிறுத்தும் தாங்கி. விளக்கின் சுவிட்சும் அந்த முனையில்தான், பார்ப்பவனின் கைக்குப் பக்கத்தில். பழைய டியூப் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது விளக்கைப் போட்டுவிட்டால் டியூப்பை மறந்துவிட வேண்டியதுதான்.

அதனால் அந்த அறைக்கென்று சில விதிகள். எழுதி ஒட்டியவர் சகலை. டியூப் ஓடும்போது கதவைத் திறக்கக் கூடாது. வெளியே யார் தட்டினாலும் பதில் சொல்ல வேண்டாம், தட்டியவர்களே புரிந்துகொண்டு போய்விடுவார்கள். அப்புறம், இருட்டில் கைதான் கண் என்பதால், எந்தப் பொருளை இடம் மாற்றினாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "ஸ்பேனர், ஒரு சாண் இடது." "விளக்குப் பெட்டி, கீழ்ப் பலகை." வீட்டில் சாப்பிடும்போதுகூட அவர், "உப்பு, ரெண்டு சாண் வலது" என்று சொல்லி அண்ணியை, அவர் மனைவியை, சிரிக்க வைப்பார். பதினோரு வருடத்தில் ஒரு ஊசியைக்கூட நாங்கள் சொல்லாமல் நகர்த்தியதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியில் எல்லாம் அதில்தான் வந்து நிற்கிறது. பழைய டியூப் ஒரே வெளிச்சத்தை அசையாமல் நெடுநேரம் பார்த்தால், அந்த வெளிச்சத்தின் உருவம் திரையில் தழும்பாகத் தங்கிவிடும். பிறகு எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் அந்தத் தழும்பு தெரியும். ஒருமுறை ஒரு டியூப்பில் ஒரு கம்பத்து விளக்கும் ஒரு கேட்டின் முனையும் இருந்தன. யாரோ ஒரு காவல்காரன் அந்த கேட்டை எத்தனை நாள் வெறித்துக்கொண்டு நின்றானோ.

இப்போது உங்கள் மேஜைமேல் இருப்பதைப் பற்றி.

ஏழு வருடத்துக்கு முன் இதை நான் அடையாளம் கண்டேன். ஆறே ஆறு செய்து பார்த்த சோதனை வரிசையில் ஒன்று. மற்ற ஐந்தும் இருப்பதாகத் தகவல் இல்லை. மியூசியம் இதற்குத் தனிக் கண்ணாடிப் பெட்டி செய்தது. உள்ளே நான் எழுதிய மூன்று வரி, கடைசியில் என் பெயர். மாதம் ஒருமுறை போய்ப் பக்கத்தில் நிற்பேன். ஸ்கூல் பிள்ளைகள் அதை வாய்விட்டுப் படிப்பார்கள். அதற்குமுன் நான் ஒரு பழைய சாமான்காரன். அதற்குப்பிறகு பெரிய பெரிய ஆட்கள் சந்தேகம் என்றால் என்னிடம் கேட்டார்கள்.

இந்த வருடம் லென்ஸ் மங்கிவிட்டது, டியூப்பும் சோர்ந்துவிட்டது என்று மியூசியம் எங்களிடம் அனுப்பியது. டியூப்பைத் தேற்ற எனக்கு ஏழு மாதம் பிடித்தது. உடம்பைத் துடைக்கும் வேலையைச் சகலை எடுத்துக்கொண்டார். ஒரு புதன்கிழமை காலை கூப்பிட்டார்.

"சகலை, இங்க வா. இந்தப் பேர்த்தகட்டக் கொஞ்சம் பாரு."

பார்த்தேன். தகட்டைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்.

"அடியில பழைய ஓட்டை ரெண்டு. ஈயம் வெச்சு அடைச்சு, மேல பெயின்ட் அடிச்சிருக்கு. இந்தத் தகடு இதோட பொறந்தது இல்ல."

"ராணுவத்துலயே மாத்தியிருப்பாங்க," என்றேன்.

"ஈயத்த இப்படி நுனி வளைச்சு விடுற கை யாரோடதுன்னு எனக்குத் தெரியாதா?" வழக்கமாக இதற்கு அவர் சிரித்திருப்பார். சிரிக்கவில்லை. "எதுக்குடா இப்படிப் பண்ண?"

நடந்தது இதுதான். கருவி வந்தபோது அதில் தகடு இல்லை. வேறொரு சாக்கின் அடியில், ஒரு பிஸ்கட் டப்பாவில், சோதனை வரிசையின் தகடு தனியாகக் கிடந்தது. உடம்பு இல்லாத தகடு, தகடு இல்லாத உடம்பு. இரண்டும் என் கைக்கு ஒரே வாரத்தில் வந்தன. சேர்த்து வைத்தேன். துளைகள் பொருந்தவில்லை, பொருந்தவைத்தேன். இதை மோசடி என்று நீங்கள் எழுதக்கூடும். பொருளைத் தொட்டுப் பார்த்தவன் நான். அது சோதனை வரிசைதான் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

சகலை கத்தவில்லை. கை துடைக்கும் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு எழுதிடுவோம். தப்பு ரெண்டு பேரோடதுன்னே எழுதுவோம், பட்டறை ஒண்ணுதானே. என்ன இப்போ? நாலு பேர் நாலு நாள் பேசுவான். அப்புறம் அவனவன் பொழப்பப் பாப்பான். நாமளும் பாப்போம்."

என் தோளைத் தட்டிவிட்டு லேத்துக்குப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு கடிதம். எனக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி காலியாகிவிடும். நான் இதுவரை எழுதிய ஒவ்வொரு மூன்று வரியையும் எடுத்துப் பிரித்துப் பார்ப்பார்கள். பயந்தேன் மேடம். உண்மையைச் சொன்னால், என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. நடுவில் அவருடைய பெருந்தன்மை வேறு. அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் வியாழக்கிழமை. பதினோரு மணிக்கு டியூப்பின் கடைசிச் சோதனை. காலையில் நான் இருட்டறைக்குள் போய்த் தாங்கியைத் தின்னர் வைத்துத் துடைத்தேன். காற்றுப் போக வழியில்லாத அறையில் தின்னர் டப்பாவை நான் திறப்பதில்லை. அன்று திறந்தேன், மூடவும் மறந்தேன். பிறகு விளக்குப் பெட்டிக்குப் பலகையில் இடம் வேண்டியிருந்தது. அங்கிருந்த மருந்து பம்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அதிகமில்லை, ஒரு சாண்.

சகலை உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தார். "என்னடா இது, பெயின்ட் கடைக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு."

"பத்து நிமிஷம் சகலை. முடிச்சிரலாம்."

தாழ்ப்பாள் போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். நான் விளக்கை அணைத்தேன். இந்த வகைக் கருவிக்குப் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், விரலை எடுத்தால் அணைந்துவிடும். அழுத்தினேன். ரப்பரில் கண்ணைப் புதைத்தேன்.

படம் வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவருடைய முன்கையின் மயிர்கூடத் தெரிந்தது. இந்த வகை டியூப்பில் அவ்வளவு கூர்மையான படத்தை நான் கண்டதே இல்லை.

முதலில் இரண்டு இருமல். பிறகு அந்த விசில். அட்டையைக் கீழே வைத்துவிட்டு, இருட்டுக்குள் நேராகப் பலகைக்குக் கையை நீட்டினார். துழாவவில்லை. பதினோரு வருடமாக அந்தக் கைக்கு அந்த இடம் தெரியும். விரல்கள் வெறும் பலகையில் போய் விழுந்தன. ஒருமுறை தட்டிப் பார்த்தன. இன்னொருமுறை.

"சகலை, பம்ப நகத்துனியா?"

நான் பேசவில்லை.

"லைட்டப் போடு. இழுக்குது."

டியூப் ஓடிக்கொண்டிருந்தது. டியூப் ஓடும்போது விளக்கைப் போடக் கூடாது. அவரே எழுதிய விதி. என் மூச்சு பட்டால் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும் என்பதால் அடக்கி அடக்கி விட்டுக்கொண்டிருந்தேன்.

"டேய். ஏன் பேச மாட்டேங்குற?" குரல் பாதியாகிவிட்டது. "ஷாக் அடிச்சிருச்சாடா?"

டியூப்புக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் போகும். பழைய கருவிகளில் அது கசிந்து ஆளைத் தூக்கியடிப்பது உண்டு. அது அவர் நினைவுக்கு வந்திருக்கிறது. அதன்பின் அவர் செய்தது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பம்ப் அவருடைய சுண்டுவிரலுக்கு நான்கு அங்குலத்தில் இருந்தது. இன்னும் கொஞ்சம் தடவியிருந்தால் கிடைத்திருக்கும். தடவுவதை விட்டுவிட்டார். எழுந்து கதவைத் தட்ட ஆரம்பித்தார்.

"யாராச்சும் வாங்க... தம்பிக்கு ஷாக்கு..."

தம்பி என்று அவர் என்னைச் சொன்னது அதுவே முதல்தடவை. கம்பளி அந்தக் குரலை வாங்கிக்கொண்டது. தாழ்ப்பாளுக்குக் கையைத் தூக்கினார், எட்டுவதற்குள் முழங்கால் மடங்கியது. விழும்போது எதையாவது பிடிக்கப் பார்த்து, கதவடியிலிருந்த கம்பளிப் பட்டையைப் பிய்த்துவிட்டார். வெளியே நடையில் எப்போதும் ஒரு சின்ன பல்பு எரியும். அதன் வெளிச்சம் கதவுக்கடியில் ஒரு கோடாக உள்ளே வந்தது. வெறும் கண்ணுக்கு அது நூலளவு. டியூப்புக்கு அது சூரியன். அந்தக் கோட்டின் நடுவில் அவருடைய கை கிடந்தது. கை கிடந்த இடத்தில் மட்டும் கோடு இல்லை.

சற்று நேரத்தில் கோட்டில் இரண்டு நிழல்கள் வந்து நின்றன. அண்ணியின் கால்கள். பதினொன்றரைக்கு டீ பிளாஸ்க் வைத்துவிட்டு மூன்று தட்டுத் தட்டுவது வழக்கம். தட்டினாள். உள்ளே அவர் நகத்தால் கதவைச் சுரண்டினார், நான் பார்த்தேன். பார்க்கத்தான் முடிந்தது, எனக்கே கேட்கவில்லை. பதில் வராவிட்டால் போய்விட வேண்டும் என்பது அண்ணிக்குத் தெரியும். நிழல்கள் நகர்ந்தன. கோடு மறுபடி முழுசானது, நடுவில் அந்த இடத்தைத் தவிர.

அதற்குப்பிறகும் நான் விரலை எடுக்கவில்லை. மொத்தம் எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். தழும்பின் ஆழத்தை வைத்துப் பார்த்தால் கோடு வந்ததிலிருந்து பதினெட்டு நிமிடம் இருக்கும்.

பிறகு கருவியை அணைத்துவிட்டு விளக்கைப் போட்டேன். தின்னர் டப்பாவை மூடினேன். பம்பை அதன் பழைய இடத்தில் வைத்தேன். பட்டையை ஒட்டினேன். தாழ்ப்பாளைத் திறந்து, பிளாஸ்கை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன். டீ இன்னும் சூடாக இருந்தது. குடித்துவிட்டுத்தான் சத்தம் போட்டேன். நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன், அவர் தனியாக உள்ளே ஏதோ எடுக்கப் போனார், கருவியை அன்று தொடவே இல்லை என்று உங்களிடம் சொன்னேன். பம்ப் கைக்கெட்டும் இடத்தில் இருந்தும் ஏன் எடுக்கவில்லை என்று நீங்கள் மட்டும் இரண்டு தடவை கேட்டீர்கள். நல்ல கேள்வி. பொருள் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி.

அண்ணி இன்றைக்கும், "நான் கதவ ஒடைச்சிருக்கணும், நான் கதவ ஒடைச்சிருக்கணும்" என்று அழுதுகொண்டிருக்கிறாள். "உங்க மேல தப்பில்ல அண்ணி, அவர் எழுதிவெச்ச விதிதானே" என்று நான்தான் தேற்றினேன். அவள் மடியில் தலைவைத்து என் மனைவி அழுதாள். நானும் அழுதேன். அது பொய்யான அழுகை இல்லை.

தகட்டை மாட்டி, கருவியை மியூசியத்துக்குத் திருப்பி அனுப்பினேன். தழும்பு இருப்பது தெரிந்தேதான் அனுப்பினேன். டியூப்பை மாற்றியிருக்கலாம், தூக்கியெறிந்திருக்கலாம். ஏழு மாத உழைப்பை எறிய யாருக்கு மனசு வரும்? கடிதம் எழுத யாரும் இல்லை. கருவி கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்பிவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது.

போன வாரம் மியூசியத்தின் காப்பாளர் ஒரு அறிக்கை அனுப்பினார். படத்தின் அடியில் குறுக்காக ஒரு கோடு, நடுவில் சிறிது விட்டுப்போயிருக்கிறது என்று கண்டிருக்கிறார். அதற்கு அவர் எழுதிய விளக்கம்: "ஆலையில் ஏற்பட்ட குறை. சோதனை வரிசைக்கே உரியது." என் தகட்டுக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். இருக்கத்தான் பார்த்தேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான் தேற்றிய டியூப்பில் குறையே கிடையாது மேடம். அது தழும்பு. அது ஒரு கதவு, ஒரு கை. தெரியாதவர்கள் தப்பாக எழுதி, அது அப்படியே பெட்டிக்குள் நிரந்தரமாக இருந்துவிடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சரிபார்க்க வேண்டும் என்று வாங்கி, நேரே உங்களிடம் கொண்டுவந்தேன். பொத்தானை அழுத்திப் பாருங்கள், இருட்டில். பதினெட்டு நிமிடம் ஒரு விரல் அதை அழுத்திக்கொண்டிருக்காமல் அந்தக் கோடு விழாது. அந்த விரல் என்னுடையது.

பம்பை நகர்த்தும்போது வாய்விட்டுச் சொன்னேனா என்றால், சொல்லவில்லை. "பம்ப், ஒரு சாண் வலது." அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. பதினோரு வருடத்தில் அந்த ஒருமுறைதான் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று தீர்மானித்தே சொல்லவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. அண்ணியின் காலடி போனபின் என் கண்ணில் வியர்வை இறங்கியது. துடைப்பதற்காக ரப்பரிலிருந்து முகத்தை எடுத்தேன், பொத்தானை விடவில்லை. திரையின் பச்சை வெளிச்சம் என் முகத்தில் விழுந்திருக்க வேண்டும். மறுபடி கண்ணை வைத்தபோது சகலை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டிருந்ததை, எனக்கு ஷாக் அடிக்கவில்லை என்பதை, நான் நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டார். தட்டுவதற்காகத் தூக்கியிருந்த மற்றொரு கையை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் முகம் மாறியது. அது என்னவென்று நான் நன்றாகக் கூர்ந்து பார்த்தேன், படம் அவ்வளவு தெளிவு. நிம்மதி, மேடம். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிற நிம்மதி. வேறு எதுவாகவும் இருக்க முடியாது. பார்த்து அடையாளம் சொல்வதில் நான் ஒருபோதும் தவறியதில்லை.